சிங்கி இறாலும் கங்கோங் கீரையும்: வீட்டுப் பின்புறத்தில் சிக்கனமான அக்குவாபோனிக்ஸ் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், லயத்து வீடுகளை விட்டு வீடமைப்புத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டின் பின்னால் எஞ்சியிருப்பது துணி காயப்போடும் அளவிலான ஒரு சிமெண்டுத் தரைதான். லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கத்தரியும் வெண்டையும் வைத்த கைகளுக்கு அங்கே மண் இல்லை. அந்தத் தரையிலேயே ஒரு நீர்த்தொட்டியையும் இரண்டு சரளைப் பாத்திகளையும் அமைத்து, தொட்டியில் நன்னீர்ச் சிங்கி இறாலையும் பாத்தியில் கீரையையும் வளர்க்க முடியும். இறாலின் கழிவு கீரைக்கு உரமாகிறது. கீரையும் சரளையில் வாழும் பாக்டீரியாவும் நீரைத் தூய்மையாக்கி மீண்டும் தொட்டிக்கு அனுப்புகின்றன. இந்தச் சுழற்சிக்கே அக்குவாபோனிக்ஸ் என்று பெயர்.

இங்கே சிங்கி இறால் என்று குறிப்பிடுவது வட ஆஸ்திரேலியாவையும் பாப்புவா நியூ கினியையும் தாயகமாகக் கொண்ட செராக்ஸ் குவாட்ரிகாரினாட்டஸ் என்னும் இனமாகும். மலேசியாவில் இதை 'லோப்ஸ்டர் ஆயர் தாவார்' என்ற பெயரில் விற்கிறார்கள். முதிர்ந்த ஆணின் கொடுக்கில் வெளிப்புறமாக ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். 23 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் இதற்கு ஏற்றது என்பதால், நம் நாட்டில் நீரைச் சூடாக்கும் கருவி எதுவும் தேவைப்படாது.

மீன் வளர்த்துப் பழகியவர்கள் சிங்கி இறாலுக்கு வரும்போது முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது தொட்டியின் வடிவத்தைப் பற்றிய எண்ணத்தைத்தான். மீன் நீரின் ஆழம் முழுவதையும் பயன்படுத்தும். சிங்கி இறாலோ தரையில் நடக்கும் உயிரினம். அது தன் இடத்தை இன்னொன்றுடன் பகிர்ந்துகொள்ள விரும்பாது. தோலுரித்து மென்மையாக இருக்கும் தன் இனத்தையே தின்னவும் தயங்காது. ஆகவே எத்தனை லிட்டர் நீர் என்று கேட்பதைவிட, எத்தனை சதுர மீட்டர் தரை, அதில் எத்தனை ஒளிவிடம் (இறால் ஒளிந்துகொள்ளும் இடம்) என்று கேட்பதே முறை. நின்ற நிலையில் வைத்த நீலநிற டிரம்மில் 200 லிட்டர் நீர் கொள்ளலாம். ஆனால் அதன் அடிப்பரப்பு கால் சதுர மீட்டர்தான். அதில் நான்கைந்து இறால்களை விட்டாலும் சில மாதங்களில் ஒன்றிரண்டே மிஞ்சும்.

தொடங்கும் முன் அறிய வேண்டியவை

இந்த இனம் நம் ஆறுகளுக்கு அந்நியமானது. ஜொகூரில் சில இடங்களில் இது ஏற்கெனவே இயற்கை நீர்நிலைகளில் பெருகியிருப்பது பதிவாகியுள்ளது. எதையும் தின்னும், வறண்ட தரையிலும் சிறிது தூரம் நடந்து செல்லும், ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும் ஓர் உயிரினம் பிளஸ் ஆற்றிலோ பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலோ சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப அகற்ற வழியில்லை. எனவே குஞ்சு வாங்குவதற்கு முன்பே, இந்த இனத்தை வீட்டில் வளர்ப்பதற்கான விதிகளை மாவட்ட மீன்வள இலாகா அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் மீன்வளத்தை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உயிருள்ள நீர்வாழ் இனங்களை இடம் மாற்றுவதும் இறக்குமதி செய்வதும் இலாகாவின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. உரிமம் பெற்ற உள்ளூர்ப் பண்ணையிலிருந்து மட்டுமே குஞ்சு வாங்குவது நல்லது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வட அமெரிக்க இனங்களைத் தொடவே கூடாது. அவை சுமந்து வரும், பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிரால் உண்டாகும் நோய் ஆஸ்திரேலிய இனங்களைக் கூண்டோடு அழித்துவிடும்.

இன்னொன்று எதிர்பார்ப்பைப் பற்றியது. கீழே விவரிக்கும் அளவில் 20 இறால்கள் வளரும். ஒவ்வொன்றும் 60 கிராம் எடைக்கு வந்தால் மொத்தம் 1.2 கிலோ, அதில் வாலில் உள்ள சதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது ஒரு குடும்பத்துக்கு ஒருவேளை நல்ல சமையல். அன்றாடம் அடுப்படிக்குப் பயன்படப்போவது கீரையே. விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடு இந்த அளவில் இறங்குவது வீண் என்பதே என் கருத்து.

இடம்

தொட்டி நிழலிலும் பாத்தி வெயிலிலும் இருக்க வேண்டும் என்பதால், காலை வெயில் நான்கைந்து மணி நேரமாவது படும் கிழக்குப் பக்கச் சுவர் ஓரம் ஏற்றது. பிற்பகல் வெயில் தொட்டியின்மீது நேராக விழுந்தால் ஆழமற்ற நீர் விரைவில் 33 டிகிரியைத் தாண்டிவிடும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். இறாலின் ஆக்ஸிஜன் தேவையோ அதே நேரத்தில் கூடும். கறுப்பு நிழல்வலை ஒன்றைத் தொட்டிக்கு மேல் இழுத்துக் கட்டினால் போதும். துத்தநாகக் கூரையிலிருந்து வழியும் மழைநீர் தொட்டியில் விழாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். கூரையிலிருந்து கரைந்து வரும் துத்தநாகம் ஓடுள்ள நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. செம்பும் அப்படியே, ஆகவே பித்தளைக் குழாய்வாய், செப்புக் குழாய், துத்தநாகப் பூச்சுள்ள வாளி ஆகிய எதுவும் இந்த அமைப்பின் நீரைத் தொடக் கூடாது.

முதல் படி: தொட்டி

கெலி (கெளுத்தி) மீன் வளர்ப்பவர்கள் அமைக்கும் கேன்வாஸ் குளமே மிகவும் சிக்கனமானது. உட்புறம் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் வரும்படி சிமெண்டுக் கற்களை மூன்று வரிசைக்குச் சாந்து வைத்துக் கட்டினால் சுவர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரம் வரும். தரையில் கூரான கல்லோ ஆணியோ இல்லாமல் பெருக்கி, பழைய கம்பளத்தையோ தடித்த அட்டையையோ விரித்து, அதன்மேல் தடிப்பான கேன்வாஸை இரண்டு மடிப்பாகப் போட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு இறாலின் கொடுக்குக்குத் தாங்காது. கேன்வாஸின் விளிம்பைச் சுவருக்கு மேலே கொண்டுவந்து வெளிப்புறமாக மடித்துப் பலகையால் இறுக்க வேண்டும்.

இந்தத் தொட்டியில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 800 லிட்டர் கொள்ளும். மீதமுள்ள 20 சென்டிமீட்டர் வழுவழுப்பான வறண்ட சுவர் இறால் ஏறித் தப்பாமல் இருப்பதற்கானது. ஆனால் சுவரைவிட ஆபத்தானவை தொட்டிக்குள் இறங்கும் கம்பிகளும் குழாய்களும்தான். காற்றுக் குழாயைப் பற்றிக்கொண்டு இரவில் ஏறி வெளியே வந்துவிடும் திறமை இந்த இறாலுக்கு உண்டு. எனவே மரச் சட்டத்தில் வலை அடித்து ஒரு மூடி செய்து, குழாய்கள் நுழையும் இடத்தையும் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். அதே மூடி பூனை, குரங்கு, உடும்பு ஆகியவற்றிடமிருந்தும் காக்கும். அடைமழையில் நீர் நிரம்பி வழிந்தால் இறாலும் உடன் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும் என்பதால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வலை கட்டிய ஒரு வழிநீர்க் குழாயைப் பொருத்துவதும் அவசியம்.

கேன்வாஸுக்குப் பதில் சிமெண்டுத் தொட்டியே கட்ட விரும்புவோர், புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையைக் கடுமையாக உயர்த்தும் என்பதால், இரண்டு மூன்று வாரங்கள் நீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் படி: ஒளிவிடங்கள்

இறால் ஒன்றுக்குக் குறைந்தது ஒன்றரை ஒளிவிடம் என்று கணக்கிட வேண்டும். 20 இறாலுக்கு 30 துண்டுகள். இரண்டு அங்குல பிவிசி குழாயை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, மூன்று மூன்றாகக் கட்டி, தரையெங்கும் பரவலாக வைப்பது எளிது. குழாயின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். பின்வழி இல்லாத குழாய்க்குள் பெரிய இறால் நுழைந்தால் உள்ளே இருக்கும் சிறியது தப்ப முடியாது. குஞ்சுப் பருவத்தில் வெங்காய வலைப்பைகளைக் கசக்கிக் கட்டிப் போட்டால் அவற்றின் இடுக்குகளில் ஒண்டிக்கொள்ளும். பழைய கூரை ஓடுகளும் துளைச் செங்கற்களும் நன்றாகவே பயன்படும். ரப்பர் பால்மரத்திலிருந்து கழித்துப் போட்ட பீங்கான் மங்குகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. ஒட்டிய பாலை முழுவதும் உரித்து, கொதிநீரில் ஊறவைத்துக் கழுவி, ஒரு பக்கம் சாய்த்துக் கவிழ்த்து வைத்தால் அவையும் குஞ்சுகளுக்கு நல்ல குகைகளாகும்.

மூன்றாம் படி: சரளைப் பாத்தி

200 லிட்டர் நீலநிற டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் ஆழமுள்ள இரண்டு பாத்திகள் கிடைக்கும். டிரம்மைத் தேர்ந்தெடுப்பதில்தான் தோட்டப்புறத்தில் பெரிய ஆபத்து இருக்கிறது. பழைய சாமான் கடைகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் கிடைக்கும் டிரம்கள் பல, களைக்கொல்லியோ, ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபோர்மிக் அமிலமோ, அமோனியாவோ இருந்தவை. எத்தனை முறை கழுவினாலும் களைக்கொல்லி டிரம்மை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சமையல் எண்ணெய், சர்பத், கிச்சாப் போன்ற உணவுப் பொருள் இருந்தது என்பது உறுதியானால் மட்டுமே வாங்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாத டிரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அறுத்த டிரம் சரளையின் பாரத்தில் வாய் விரியும் என்பதால் இரு பக்கமும் மரச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். சரளையும் நீரும் சேர்ந்தால் ஒரு பாத்தியின் எடை 170, 180 கிலோவைத் தொடும். தாங்கியைச் சிமெண்டுக் கற்களாலேயே அமைப்பது பாதுகாப்பு. பாத்தியைத் தொட்டிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கத்தில், அடிப்பகுதி தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி வைத்தால், வடிகுழாய் சுவரைத் தாண்டித் தொட்டிக்குள் நீரைக் கொட்டும். தொட்டியைத் திறந்து வேலை செய்யவும் இடைஞ்சல் இராது.

சரளைக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி போதும். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த பகுதி என்பதால் இங்கே கிடைக்கும் ஜல்லியில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டு கற்களின்மேல் வினிகரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல். இறாலுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைதான். ஆனால் பாத்தி முழுவதும் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிடும். அந்த நிலையில் கீரை இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் வெளிறும். கருங்கல்லைப் பாத்திக்கும், கெராங் சிப்பி ஓட்டை ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டிக்கும் வைத்தால் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருக்கும்.

நான்காம் படி: மோட்டாரும் சைஃபனும்

மணிக்கு 1,500 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் சிறிய மூழ்கு மோட்டார் போதும். நீரை மேலே ஏற்றும்போது அந்த அளவு குறைந்து 800 லிட்டரை ஒட்டி வரும். தொட்டி நீர் மணிக்கு ஒருமுறை முழுவதும் சுற்றிவர வேண்டும் என்ற பொது அளவுக்கு அது சரியாகும். இத்தகைய மோட்டாரும் ஒரு சிறு காற்றுப் பம்பும் சேர்ந்து 30 வாட் இழுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் செலவாகும். மோட்டாரைத் துளையிட்ட கூடையொன்றில் வைத்து அதைச் சுற்றி வலை கட்ட வேண்டும். இல்லையேல் குஞ்சுகளின் கால்கள் உறிஞ்சு வாயில் சிக்கும்.

பாத்தியில் நீர் நிறைவதும் வடிவதுமாக இருந்தால்தான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் மாறி மாறி நீரும் காற்றும் கிடைக்கும். இதற்கு எந்தப் பொறியும் இல்லாமல் வேலை செய்வது சைஃபன். பாத்தியின் அடியில் துளையிட்டு முக்கால் அங்குலக் குழாயொன்றை, சரளையின் மேல்மட்டத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கீழே அதன் வாய் வரும்படி நிறுத்த வேண்டும். அதன்மேல், மேல்முனை மூடிய இரண்டு அங்குலக் குழாயைக் கவிழ்க்க வேண்டும்; இதன் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சில வெட்டுகள் இருக்க வேண்டும். இவை இரண்டையும் சுற்றி, சரளை நுழையாதபடி பக்கமெங்கும் துளையிட்ட நான்கு அங்குலக் குழாயை நிறுத்தினால் வேலை முடிந்தது. நீர் உட்குழாயின் வாயைத் தாண்டியதும் வழியத் தொடங்கி, கவிழ்த்த குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு வேகமாக வடியும். அடிவெட்டுகள் வரை வடிந்ததும் காற்று புகுந்து நின்றுவிடும்.

சைஃபன் முதல் நாளிலேயே ஒழுங்காக நடப்பது அரிது. நீர் வழிந்துகொண்டே இருந்து வேகமெடுக்கவில்லை என்றால் வரத்து குறைவு; வடிகுழாயின் முடிவில் ஒரு முழங்கைக் குழாயைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். வடிந்து முடிந்தும் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் வரத்து மிகுதி. மோட்டாரிலிருந்து வரும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் வால்வு வைத்து, மிகுதி நீரை நேராகத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். அப்படி விழும் நீர் காற்றையும் கலந்துவிடுவதால் நட்டமில்லை. இரண்டு பாத்திகளும் ஒரே நேரத்தில் நிறைந்தால் தொட்டியின் மட்டம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் இறங்கும், அது இயல்பானது.

ஐந்தாம் படி: நீரைப் பக்குவப்படுத்துதல்

குழாய் நீரில் உள்ள குளோரின், காற்றூட்டி ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஐயமிருந்தால் அலங்கார மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்கலாம். பிஎச் அளவு 7 முதல் 7.5 வரையிலும், கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருப்பது இறாலுக்கும் கீரைக்கும் பொதுவான நடுநிலை.

இனி வருவது பொறுமைக்கான படி. இறாலின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதுவே கீரையின் உணவு. இந்த இரண்டு வகையும் சரளையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் இறால் இல்லாமலே மோட்டாரை ஓட்டி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை அழுகவிட வேண்டும். சொட்டு முறைச் சோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை பார்த்தால், முதலில் அமோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் தெரியும் நாளில்தான் தொட்டி இறாலுக்குத் தயார். தோட்டத்தில் பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவைக் கொண்டுவந்து ஊற்றி விரைவுபடுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதன் செறிவும் கலப்பும் நம் கட்டுப்பாட்டில் இல்லாததால் அந்த வழி வேண்டாம்.

இந்த வாரங்களில் கங்கோங் தண்டுகளைப் பாத்தியில் செருகி வைக்கலாம். தொட்டியில் நாலைந்து கப்பி மீன்களை விடுவதற்கு மட்டும் அமோனியாவும் நைட்ரைட்டும் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். கப்பி கொசுப்புழுவைத் தின்னும். வீட்டு வளாகத்தில் ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு. ஓடும் நீரும், சரளைக்கு மேலே நீர் தேங்காத பாத்தியும் கொசுவுக்கு இடம் தருவதில்லை. குளோரின் போக வைத்திருக்கும் வாளிகளே பெரும்பாலும் அகப்படுபவை. அவற்றை மூடி வைக்க வேண்டும்.

ஆறாம் படி: இறால் விடுதல்

இரண்டு முதல் மூன்று அங்குல நீளமுள்ள, ஏறத்தாழ ஒரே அளவான குஞ்சுகளாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியதும் சிறியதும் கலந்து விட்டால் சிறியவை உணவாகிவிடும். இரண்டு சதுர மீட்டர் தரைக்கு 20 என்பதே என் வரம்பு. விற்பவர் கூடுதலாகச் சொன்னாலும் அதற்கு மேல் போக வேண்டாம். ஆண் வேகமாக வளரும் என்பதாலும், ஒரே பாலாக இருந்தால் இனப்பெருக்கத் தொல்லை இல்லை என்பதாலும், ஆண்களை மட்டும் தேர்ந்தெடுப்பது சிறப்பு. குஞ்சிலேயே இதைக் கண்டறிய வயிற்றுப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்: கொடுக்கையும் சேர்த்து எண்ணும்போது மூன்றாம் இணைக் காலின் அடியில் துளை இருந்தால் பெண், ஐந்தாம் இணைக் காலின் அடியில் சிறு முளை இருந்தால் ஆண்.

மாலையில், பையை அரைமணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, இருட்டும் நேரத்தில் ஒளிவிடங்களுக்கு அருகே விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

ஏழாம் படி: தீவனம்

மூழ்கும் இறால் தீவனத்தை நாள்தோறும் ஒருமுறை, மாலை மங்கிய பிறகு போட வேண்டும். இது இரவில் மேயும் உயிரினம். குஞ்சுகளுக்கு மொத்த உடல் எடையில் ஐந்து விழுக்காடு, வளர்ந்தவற்றுக்கு இரண்டு விழுக்காடு என்பது ஓர் அளவு. வாரத்தில் இரண்டு நாள் தீவனத்துக்குப் பதில் அவித்த கேரட், பசலை, நன்கு காய்ந்து உதிர்ந்த வாதாம் இலை ஆகியவற்றைத் தரலாம். வாதாம் மரம் பள்ளித் திடல்களில் நிறையவே இருக்கிறது. காலையில் மிச்சமிருந்தால் அள்ளி எடுத்துவிட்டு அன்று மாலை அளவைக் குறைக்க வேண்டும். எண்ணெய் கலந்த சோறும் குழம்பும் ஒருபோதும் வேண்டாம்.

கீரையின் அளவையும் இந்தத் தீவனமே முடிவு செய்கிறது. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் தொட்டிக்குள் போக வேண்டும் என்பது அக்குவாபோனிக்ஸில் பொதுவாகக் கையாளும் கணக்கு. நம் 20 இறால்களும் 50 கிராம் எடைக்கு வந்த பிறகும் தீவனம் 20 கிராம்தான். ஆகவே அது ஊட்டுவது அரைச் சதுர மீட்டர் கீரையைத்தான். குஞ்சுப் பருவத்தில் ஐந்து கிராம்கூடத் தேவைப்படாது. முதல் இரண்டு மாதங்களில் கீரை மெலிந்திருப்பதன் காரணம் இதுவே. கீரையை வளர்க்கத் தீவனத்தைக் கூட்டினால் நீர் கெட்டு இறால் சாகும். இரண்டு பாத்திகளையும் சரளையால் நிரப்பச் சொல்வது வடிகட்டலுக்காகவே; நடவை முதலில் ஒரு பாத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எட்டாம் படி: நடவும் பூச்சியும்

கங்கோங், சாவி (கடுகுக்கீரை வகை), முளைக்கீரை, புதினா, வல்லாரை ஆகியவை இந்த அளவுக்கு ஏற்றவை. இவற்றில் கங்கோங்கை வெல்ல எதுவும் இல்லை. மூன்று நான்கு வாரத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். மிளகாயும் கத்தரியும் கூடுதல் சத்துக் கேட்பவை. இறால் வளர்ந்த பிறகு ஒன்றிரண்டு செடி வைக்கலாம். மண்ணில் முளைத்த நாற்றை வேர் கழுவி நட வேண்டும். செடியைத் தொட்டியிலேயே மிதக்கவிடும் முறை இங்கே உதவாது. இறால் ஒரே இரவில் வேரையெல்லாம் கத்தரித்துவிடும். புது இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. செலேட் செய்த இரும்பை மட்டும் சிறிதளவு சேர்க்கலாம். பல சத்துகள் கலந்த பொடியில் செம்பும் இருக்கும் என்பதால் அது கூடாது.

பூச்சிமருந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னால் பலரும் அதை இரசாயன மருந்து என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வேப்பெண்ணெயும் புகையிலைச் சாறும்கூட இங்கே விலக்கப்பட வேண்டியவையே. வேம்பு பூச்சியின் தோலுரிப்பைக் குலைத்து வேலை செய்கிறது. சிங்கி இறாலும் தோலுரித்தே வளர்வது. ஆகவே கையால் பொறுக்குவதும் வலை போடுவதும்தான் வழி. கொசுச் சுருளையும் தெளிப்பானையும் தொட்டிக்கு அருகே பயன்படுத்தக் கூடாது; கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் குருணையையும் போடக் கூடாது.

டெங்கி பரவும் காலத்தில் தாமானுக்குள் புகையடிக்க வருவார்கள். அந்தப் புகையில் இருக்கும் மருந்து மீனுக்கே ஆகாது. இறாலுக்கு அதைவிடக் கொடியது. அறிவிப்பு வந்ததும் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியையும் பாத்தியையும் கேன்வாஸால் நிலம் தொட மூடி, புகை முழுவதும் கலைந்த பிறகே திறக்க வேண்டும். காற்றுப் பம்பு புகையை உறிஞ்சி நேராக நீருக்குள் செலுத்தும் என்பதால், அதை எப்போதும் வீட்டுக்குள் வைத்துக் குழாயை மட்டும் வெளியே கொண்டுவருவது மேல். கீரையைக் கழுவிய பிறகே உண்ண வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்றாடக் கவனிப்பு

காலையில் ஒரு பார்வையே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடும். இறால்கள் ஒளிவிடத்தில் இருந்தால் நலம். பகலிலேயே குழாய்களின்மேல் ஏறி நீர்மட்டத்தில் ஒருக்களித்துக் கிடந்தால் ஆக்ஸிஜன் குறைவு. உடனே காற்றுப் பம்பின் குழாய் முனையிலுள்ள காற்றுக் கல்லைப் பார்க்க வேண்டும். வெற்றுத் தோல் கிடந்தால் இறந்த இறால் என்று பதறி எடுத்துவிடக் கூடாது. தோலுரித்த இறால் அதைத் தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். உண்மையில் இறந்ததைச் செம்பழுப்பு நிறமும் நாற்றமும் காட்டிக்கொடுக்கும்.

வாரம் ஒருமுறை பிஎச், அமோனியா, நைட்ரைட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பாக்டீரியாவின் வேலை நீரை மெல்ல அமிலமாக்கும்; 6.8க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் சிப்பி ஓட்டைக் கூட்ட வேண்டும். அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தி, கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். ஆவியாகும் நீரை வாரந்தோறும் ஈடுசெய்தால் போதும். மற்றபடி நீர் மாற்றும் தேவை அரிது.

இடி மின்னலோடு மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. பேட்டரியில் தானாக ஓடும் சிறு காற்றுப் பம்பை மீன்பிடிச் சாமான் கடைகளில் வாங்கி வைப்பது, இந்த அமைப்பில் செலவழிக்கும் காசிலேயே மிகவும் பயனுள்ளது. வெளியில் ஓடும் மின்னிணைப்பைக் கசிவுக் காப்பு விசையோடு, தரையிலிருந்து உயர்த்தி, மழை படாமல் அமைக்க ஒரு மின்பணியாளரை அழைப்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அறுவடை

ஆறு முதல் எட்டு மாதங்களில் 50 கிராமைத் தாண்டியவற்றைப் பொறுக்கத் தொடங்கலாம். பெரியவற்றை முதலில் எடுத்தால் எஞ்சியவற்றுக்குத் தரை கூடி, அவை வேகமாக வளரும். எடுத்ததை ஓரிரவு காற்றூட்டிய சுத்த நீரில் பட்டினி போட்டால் குடல் காலியாகும். பிறகு பனிக்கட்டி நீரில் அசைவு ஓயும் வரை வைத்து, கொதிநீரில் இட வேண்டும். நன்னீர் ஓடுடைய உயிர்களில் நுரையீரல் புழு இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடு கூடாது; நன்கு வெந்த பிறகே ஓட்டை உடைத்து மிளகுப் பிரட்டலோ சம்பலோ செய்ய வேண்டும்.

பெண் இறால் ஏதேனும் கலந்திருந்து வாலடியில் முட்டைகளைச் சுமக்கத் தொடங்கினால், அதை ஒளிவிடத்தோடு தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரங்களில் குஞ்சுகள் பிரியும். 300க்கும் மேல் இருக்கலாம். அத்தனைக்கும் நம்மிடம் தரை இல்லை. வளர்க்கும் உரிமை உள்ளவருக்குக் கொடுக்கலாம். இல்லையேல் உறையவைத்துப் புதைக்கலாம். வாய்க்காலில் விடுவது எக்காரணத்துக்காகவும் கூடாது.

தொட்டி காலியானதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டாம். பாக்டீரியா பட்டினியால் அழிந்தால் மறுபடி ஆறு வாரம் காத்திருக்க நேரும். நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு, பாத்தியின் ஒரு மூலையில் சரளையைக் கிளறி வேர்க்குப்பையை மட்டும் அகற்றி, கங்கோங்கை வேரை விட்டு அடியொட்ட வெட்டிவிட்டால், அடுத்த குஞ்சுகள் வரும்போது புதுத் தளிர் விட்டிருக்கும்.